சட்டசபைக்குப் போன டாக்டர் அம்மாவுக்கு

மதிப்பிற்குரிய டாக்டர் முத்துலட்சுமி அம்மா அவர்களுக்கு,

நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையங்களில் உங்கள் பெயர் ஒரு நாளைக்கு எத்தனை தடவை அடிபடுகிறது என்று தெரிந்தால் நீங்களே சிரித்துவிடுவீர்கள். “முத்துலட்சுமி பணம் ஏறிடுச்சா?” என்று பெஞ்சில் காத்திருக்கும் கர்ப்பிணி பக்கத்திலிருப்பவளைக் கேட்பாள். ஏழைத் தாய்மார்களின் பேறுகாலத்துக்கு அரசு தரும் நிதியுதவிக்கு உங்கள் பெயரை வைத்திருக்கிறார்கள். கேட்கிறவளுக்கும் பதில் சொல்கிறவளுக்கும் அந்த முத்துலட்சுமி யாரென்று பெரும்பாலும் தெரியாது. இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சிலையாக நின்று மாலை வாங்குவதைவிட, ஒரு பிள்ளைத்தாய்ச்சியின் வங்கிக் கணக்கில் வரவாக விழுவதே உங்களுக்குப் பிடித்திருக்கும்.

தேர்தல் வந்தால் பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ போட்ட சுவரொட்டிகள் இப்போதெல்லாம் நிறையத் தென்படுகின்றன. சிலருக்கு அது கௌரவப் பட்டம். சில பேர் நிஜமாகவே நாடி பார்த்தவர்கள். அந்தச் சுவரொட்டிகளைப் பார்க்கும்போதெல்லாம் உங்களுக்கு ஒரு நன்றி பாக்கி இருப்பது நினைவுக்கு வரும். அதைத்தான் இன்று எழுதுகிறேன்.

1886இல் புதுக்கோட்டையில் பிறந்தீர்கள். அப்பா நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் முதல்வர். அம்மா சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். ஆண்கள் மட்டுமே படித்த அந்தக் கல்லூரியில் உங்களைச் சேர்ப்பதற்கு எதிர்ப்பு வந்தபோது, பெண் என்பது பாதிக் குற்றம், எந்த வீட்டுப் பெண் என்பது மீதிக் குற்றம். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இரண்டையும் காதில் போட்டுக்கொள்ளாமல் உங்களைச் சேர்க்கச் சொன்னார். பிறகு 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரி, 1912இல் பட்டம். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தபோது, என்னைச் சமமாக நடத்த வேண்டும், என் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று நிபந்தனை போட்டுத்தான் சம்மதித்தீர்கள். சொன்ன சொல்லை அவர் காப்பாற்றினார் என்பதால் அவருக்கும் இந்த மடலில் ஒரு பங்கு.

1926ஆம் ஆண்டுத் தேர்தலை அடுத்து, மாதர் சங்கத்தாரின் முயற்சியால் சென்னை மாகாண சட்டசபைக்கு நியமிக்கப்பட்டீர்கள். பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர். சபையின் துணைத் தலைவராகவும் உங்களையே தேர்ந்தெடுத்தார்கள். பக்கத்தில், திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் உங்களுக்குச் சற்று முன்னால் சபைக்குப் போன மேரி பூனன் லூகோஸும் டாக்டர்தான். இது தற்செயல் இல்லை என்று நினைக்கிறேன். எந்தச் சாதி வீட்டிலும், எந்த நேரத்திலும், அடுக்களைவரை உள்ளே போக முடிந்த பெண் அன்றைக்கு லேடி டாக்டர் ஒருத்திதான். கூடத்தில் உட்கார்ந்து பேசுகிற ஆண்களுக்குத் தெரியாத நாட்டு நடப்பு, பிரசவ அறையில் நின்றவர்களுக்குத் தெரிந்திருந்தது. பதின்மூன்று வயதுத் தாயைப் பார்த்தவருக்கு, பால்ய விவாகத் தடையை ஆதரித்துப் பேசப் புத்தகம் தேவைப்படவில்லை.

சட்டம் போட்டவர்கள் பலர் உண்டு. நான் நன்றி சொல்வது, சட்டம் போட்ட பிறகு ‘அப்புறம் என்ன?’ என்று நீங்கள் கேட்டதற்கு. மருந்துச் சீட்டை எழுதி நீட்டியதோடு நல்ல டாக்டர் விடுவதில்லை. மருந்து வாங்கக் காசு இருக்கிறதா, வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் உண்டா, மறுபடி எப்போது வருவாய் என்று கேட்பார். அதே கேள்விகளோடு சட்டசபைக்குப் போனீர்கள்.

சிறுமிகளைத் தேவதாசிகளாகக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கத்தை எடுத்துக்கொள்வோம். ஒழுக்கம், பாவம், புண்ணியம் என்று மேடையில் முழங்கியவர்கள் ஏராளம். ஆனால் அந்த வழக்கத்தின் வேர் நிலத்தில் இருந்தது. கோயில் ஊழியத்துக்கு ஈடாக அந்தக் குடும்பங்களுக்கு மானிய நிலம் இருந்தது. அடுத்த தலைமுறையில் ஒரு பெண்ணுக்குப் பொட்டுக் கட்டாவிட்டால் ஊழியம் நின்றுபோகும். ஊழியம் நின்றால் நிலமும் போய்விடும். அப்படியிருக்க, ‘பொட்டுக் கட்டாதே’ என்று சட்டம் சொன்னால் மட்டும் போதுமா? 1929இல் இந்து அறநிலையச் சட்டத்தில் நீங்கள் கொண்டுவந்த திருத்தம், நிலத்தை ஊழியத்திலிருந்து பிரித்து அந்தப் பெண்களுக்கே உரிமையாக்கியது. உங்கள் வாழ்க்கையைப் பேசும் மேடைகளில் இந்தத் திருத்தத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. கணக்குப்பிள்ளை விவகாரம் போலத் தெரிகிறது, அதனால் இருக்கலாம். எனக்கோ உங்கள் பணியிலேயே மிகப் புத்திசாலித்தனமான பகுதி அதுதான்.

பொட்டுக்கட்டுவதையே தடுக்கும் மசோதாவை 1930இல் கொண்டுவந்தீர்கள். அது சட்டமாக 1947 ஆயிற்று. அதற்குள் எத்தனை சிறுமிகள் என்று எண்ணிப் பார்க்க மனம் கூசுகிறது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இது நன்றி மடல் ஆகாது, துதி மடலாகிவிடும். தேவதாசிகளிலேயே பலர் உங்களை எதிர்த்தார்கள். பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற பெரிய கலைஞர்கள், எங்களை எல்லாம் ஒரே தராசில் நிறுத்தாதீர்கள் என்று முறையிட்டார்கள். உங்களைக் கும்பிடுகிறவர்கள் இதை மறைக்கிறார்கள். திட்டுகிறவர்கள் இதை மட்டுமே பேசுகிறார்கள். அவர்கள் ஆடிய சதிர் ஆட்டம் பரதநாட்டியம் என்று பெயர் மாறி வேறு வீடுகளுக்குக் குடிபோனபோது, அதைக் காலங்காலமாகக் காத்தவர்கள் வாசலில் நின்றார்கள். 1932இல் பத்திரிகைகளில், அந்த நாட்டியத்தை ஆதரித்த ஈ. கிருஷ்ணய்யரோடு நீங்கள் நடத்திய வாதத்தில், நாட்டியத்தின் பக்கம் இருந்த நியாயம் உங்கள் காதில் அவ்வளவாக ஏறவில்லை என்பது என் அபிப்பிராயம். அந்தக் கலைஞர்களைப் பொறுத்தவரை உங்கள் ‘அப்புறம் என்ன?’ போதிய தூரம் போகவில்லை. ஆனாலும், ஏதும் அறியாத வயதில் கழுத்தில் பொட்டு ஏறவிருந்த சிறுமியின் பக்கம் நின்று யோசித்தால், உங்கள் பக்கமே நிற்பேன்.

அந்த வழக்கத்திலிருந்து தப்பி வந்த பெண்களுக்கு இடம் கொடுக்க விடுதிகள் தயங்கியபோது, உங்கள் வீட்டுக் கதவைத் திறந்தீர்கள். அவ்வை இல்லம் அப்படித்தான் தொடங்கியது. மசோதாவை எழுதிய கையே பாயும் விரித்துக் கொடுத்தது.

1930இல் உப்புச் சத்தியாக்கிரகத்தின்போது காந்தி கைதானதும் பதவியை விட்டு வெளியே வந்தீர்கள். கையில் இருந்த மசோதாவைக் காரணம் காட்டி நாற்காலியில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். கேட்பவர்களுக்கு அது நியாயமாகவும் பட்டிருக்கும்.

அப்புறம் அடையாறு. உங்கள் தங்கை சுந்தராம்பாள் புற்றுநோயில் பட்ட பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் நீங்கள். அந்த நோய் வந்தால் சாவுதான் என்று படித்தவர்களே நம்பிய காலத்தில், அதற்கென்று தனி ஆஸ்பத்திரி வேண்டும் என்று வீடு வீடாக, அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினீர்கள். 1952இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூனில் 12 படுக்கைகளோடு திறந்தது. அப்போது உங்களுக்கு 67 வயது. உங்கள் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், மறு ஆண்டு வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தெடுத்தார்கள். “அடையாறுக்குப் போகச் சொல்லிட்டாங்க” என்று எங்கள் வீடுகளில் சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான். எங்கள் அத்தைக்கும் அந்த வார்த்தை சொல்லப்பட்டது. போனார், வைத்தியம் பார்த்தார்கள், திரும்பி வந்து இரண்டு பேரன்களுக்குக் காது குத்தினார். அத்தை உங்கள் பெயரை அறிந்தவர் இல்லை. அவர் சார்பிலும் நானே சொல்லிவிடுகிறேன்: நன்றி அம்மா.

சபையில் என்ன செய்தேன் என்று 1930லேயே ஒரு புத்தகமாக எழுதி ஊருக்குக் கணக்கு ஒப்படைத்தீர்கள். சட்டமன்ற அனுபவங்களைச் சொல்லும் அந்தப் புத்தகத்தை யாராவது மலிவு விலையில் தமிழில் போட்டால், ஒரு பிரதி வாங்கி எங்கள் தொகுதி எம்.எல்.ஏ.வுக்கு நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். அவர் டாக்டர் இல்லை. பரவாயில்லை, படிக்கட்டும்.


உங்கள் ஊர்க்காரி ஒருத்தி