பொன்மலையில் கைக்கு ஒரு கலாசாலை

திருச்சிராப்பள்ளிக்குப் போகிறவர்கள் மலைக்கோட்டை ஏறுவார்கள். ஸ்ரீரங்கம் சென்று பெருமாளைச் சேவிப்பார்கள். பொழுது மிஞ்சினால் கல்லணையையும் எட்டிப் பார்ப்பார்கள். பொன்மலைக்கு யாத்திரை போனதாக யாரும் சொல்லி நாம் கேட்டதில்லை. ரயில் ஜன்னல் வழியே நீண்ட கூரைகளைக் கண்டு, "ஏதோ ஒர்க்ஷாப்" என்று சொல்லிவிட்டுப் புளியோதரைப் பொட்டலத்தை அவிழ்ப்பதோடு சரி. ஆனால், வீட்டில் பள்ளிப் படிப்பை முடிக்கும் வயதில் பிள்ளையோ பெண்ணோ உள்ளவர்கள் ஒரு தடவையாவது பார்க்க வேண்டிய ஸ்தலம் அது என்பது நம் அபிப்பிராயம்.

இந்தப் பட்டறைக்குப் பூர்வீகம் நாகப்பட்டினம். அங்கிருந்துதான் 1861-ல் தஞ்சாவூருக்கும், மறு வருஷம் திருச்சிக்கும் ரயில் ஓடத் தொடங்கியது. கடற்கரையில் இருந்த தொழிற்சாலையை 1928-ல் பொன்மலைக்குக் கொண்டு வந்தார்கள். அவ்வாறு மாற்றுகையில் ஆயிரக்கணக்கானவர்களைக் குறைக்கத் தீர்மானித்த தென்னிந்திய ரயில்வே கம்பெனியார், யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று பார்க்க ஒரு தொழில் பரீட்சையை ஏற்படுத்தினர். ஆயுள் முழுவதும் சுத்தியல் பிடித்த கைக்கு இனிமேல் பரீட்சையா என்று தொழிலாளர் கொதித்தெழுந்தனர். அவ்வருஷம் ஜூலையில் நடந்த வேலை நிறுத்தம் தோற்றது. சிங்காரவேலர் முதலிய தலைவர்கள் சிறை புகுந்தனர். பின்னர் 1946 செப்டம்பர் 5-ந் தேதி இதே பொன்மலையில் போலீசார் சுட்டதில் ஐந்து தொழிலாளர் மாண்டனர். இரும்போடு இரத்தமும் கலந்த மண் இது என்பதை உள்ளே நுழைகிறவர்கள் அறிந்திருப்பது நல்லது.

முன்கூட்டியே அநுமதி பெற்று, நம் வகுப்புப் பிள்ளைகள் சிலருடன் நாம் உள்ளே சென்றோம். முதலில் தாக்குவது சத்தம். டீஸல் இஞ்சின்கள் தோலுரித்த நிலையில் நிற்கின்றன. சரக்கு வண்டிகளின் எலும்புக்கூடுகள் வரிசையாகக் கிடக்கின்றன. தலைக்கு மேலே கிரேன் ஒன்று சக்கர ஜோடியைத் தூக்கிக்கொண்டு கருடனைப் போல் நகர்கிறது. பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். நமக்கோ இவற்றைக் காட்டிலும் அப்ரெண்டிஸ்கள் பயிலும் கூடந்தான் மனத்தைக் கவர்ந்தது.

அங்கே பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை. வரிசையாக மேஜைகள், ஒவ்வொன்றிலும் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸ், கையில் அரம். ஓர் இரும்புத் துண்டைச் சதுரமாக ராவ வேண்டும். அவ்வளவுதான்! நம்முடைய பழைய மாணவன் ஒருவன் அங்கே நின்றான். பள்ளியில் கணக்குப் பாடத்தில் நம் பொறுமையைச் சோதித்தவன்.

"என்னப்பா, இதற்கு எத்தனை நாளாகும்?" என்று கேட்டோம்.

"முதல் துண்டுக்கு ஒரு வாரத்துக்கு மேலே ஆச்சு, ஸார். அதையும் தூக்கிப் போட்டுட்டாங்க" என்று சிரித்தான்.

ஏன் தூக்கிப் போட்டார்கள் என்பதையும் அவனே விளக்கினான். புதிதாக அரம் பிடிப்பவன் கையை ஊஞ்சல் ஆட்டுவது போல் ஆட்டுவான். இரண்டு ஓரமும் தேய்ந்து நடுவில் ஆமை முதுகு போல் மேடு தட்டும். கண்ணுக்கு அது தெரியாது. மூலைமட்டத்தை மேலே வைத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் இரும்புக்கும் மட்டத்துக்கும் இடையே மயிரிழை போல் ஒளி கசியும். ஒளி கசிந்தால் துண்டு தோல்வி. அரத்தை முன்னே தள்ளும்போது மட்டும் அழுத்த வேண்டும். இழுக்கும்போது அழுத்தினால் பல் மழுங்கும். ராவிய முகத்தை விரலால் தடவக் கூடாது. விரலின் எண்ணெய்ப் பசை பட்டால் அரம் வழுக்கும். இவ்வளவும் ஒரு சாண் இரும்புக்குள் அடங்கிய சாஸ்திரம்.

வகுப்பறையில் பாதி விடைக்குப் பாதி மதிப்பெண் போட்டுப் பழகியவர்கள் நாம். வெளிச்சத்துக்கோ தாட்சண்யம் கிடையாது.

அரத்துக்குப் பிறகு துளையிடுதல், கடைசல் யந்திரம், மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கைக் காட்டும் மைக்ரோமீட்டர் என்று பாடங்கள் வளர்கின்றன. ஆனால் எந்தக் கருவியாலும் அளக்க முடியாதவையும் உண்டு. முதிய தொழிலாளர் ஒருவர் வரிசையாக இருந்த ஆணிகளைச் சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். சந்தையில் நம் வீட்டு ஸ்திரீகள் பானையைத் தட்டி வாங்குவார்களே, அதே வித்தைதான். ஓரிடத்தில் நின்று, "தம்பி, காதைக் கொடு" என்றார். பையன் காது கொடுத்தான். நமக்கு எல்லாம் ஒரே ஓசையாகவே கேட்டது, பையனோ, "லூஸா இருக்குண்ணே!" என்றான். பெரியவர் முகத்தில் தோன்றிய திருப்தி எந்த ஆசிரியருக்கும் பொறாமை மூட்டக்கூடியது.

இப்படிக் கைமாறி வந்த வித்தைக்குச் சாட்சி நீலகிரியில் ஓடிக்கொண்டிருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்குச் செல்லும் 46 கிலோமீட்டர் பாதையில், குன்னூருக்கு ஏறும் வழியில், தண்டவாளங்களின் நடுவே பற்சட்டம் இருக்கிறது. இஞ்சினின் பற்சக்கரம் அதைப் பற்றிக்கொண்டு மலை ஏறும். சக்கரங்களுக்கு இரண்டு, பற்சக்கரங்களுக்கு இரண்டு என்று நான்கு ஸிலிண்டர்கள். இவ்வகை இஞ்சின்களை ஆதியில் ஸ்விட்ஸர்லாந்து தேசத்து வின்டர்தூர் நகரத்தில் செய்து அனுப்பினார்கள். நீராவி இஞ்சின்களை உலகம் கைவிட்ட பிறகு, பொன்மலைத் தொழிலாளர் 2011-லிருந்து எண்ணெயால் எரியும் புதிய இஞ்சின்களையும், 2021-ல் நிலக்கரியால் எரியும் இஞ்சினையும் தாங்களே செய்து மலைக்கு அனுப்பினர். இதற்கு வரைபடம் மட்டும் போதாது. பழைய இஞ்சினைப் பிரித்துப் பூட்டிய கைகள் வேண்டும். அந்தக் கைகளுக்கு அருகில் நின்று பார்த்த கண்களும் வேண்டும்.

இனி, தாய் தந்தையர் கேட்கும் கேள்விக்கு வருவோம். நம்முடன் வந்த பிள்ளை ஒருவனின் தகப்பனார் புறப்படும்போதே கேட்டு அனுப்பினார்: "சேர்த்துவிட்டால் உத்தியோகம் நிச்சயந்தானே, ஸார்?"

நிச்சயமில்லை. 1961-ம் வருஷத்து அப்ரெண்டிஸ் சட்டப்படி, ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருந்தாலன்றி, பயிற்சி முடித்தவனுக்கு வேலை கொடுத்தே தீர வேண்டும் என்ற கடமை எஜமானருக்கு இல்லை. ரயில்வேயில் கடைநிலை உத்தியோகங்களுக்கு ஆள் எடுக்கையில், ரயில்வேப் பட்டறைகளில் பயிற்சி முடித்தவர்களுக்கென நூற்றுக்கு 20 இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அதற்கும் பரீட்சை எழுதியாக வேண்டும். பயிற்சிக் காலத்தில் தருவது சொற்ப உதவித் தொகைதான். தேசத்துக்குத் தொழில் வேண்டும், தொழிலுக்குக் கை வேண்டும் என்று மேடையில் முழங்குகிறோம். பழகிய கையோடு வெளியே வரும் பையனை மறுபடியும் வரிசையில் நிற்கச் சொல்கிறோம். இந்த முறை நமக்குச் சம்மதமில்லை. ஆனாலும் அங்கே கற்றது வீண் என்று சொல்ல நாம் தயாரில்லை. அரம் பிடிக்கத் தெரிந்தவனைத் தேடும் சிறு பட்டறைகள் திருச்சியைச் சுற்றிலும் எத்தனையோ இருக்கின்றன.

தகப்பனாருக்கு இவ்வளவையும் மறைக்காமல் எழுதினோம். பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. பையன் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறானாம். நம் கடிதத்தைப் பக்கத்தில் இருந்து படித்த அவனுடைய அக்காள் மனுப் போட்டுவிட்டாளாம். பெண்களுக்கும் அரம் அதே எடைதானா என்று அவளே ஒரு வரி எழுதிக் கேட்டிருந்தாள்.

அதே எடைதான் என்று எழுதிவிட்டோம்.