பூசிய மண்

போன ஆடி மாதம் வெள்ளக்கடைக்கு உருளைக்கிழங்கு வாங்கிக்கொண்டு போனேன். கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போன கதைதான். சேலம் கடைவீதியில் வாங்கிய 2 கிலோ, செம்மண் ஒட்டியது, ஊட்டிக் கிழங்கு என்று கடைக்காரர் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னது. பக்கத்துக் கூடையில் வெளுத்துக் கிடந்த வடக்கத்திக் கிழங்கைவிடக் கிலோவுக்கு 15 ரூபாய் அதிகம். கொடுத்தேன். கிழங்குக்காக அல்ல, மண்ணுக்காகத்தான் கொடுத்தேன் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

நான் பார்க்கப் போன பெரியவரை வங்கிக் கவுண்டரின் வழியாகத்தான் பழக்கம். எழுபதைத் தாண்டிய மலையாளி. (மலைக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: சேர்வராயன் மலையின் மலையாளிகள் கேரளத்தவர்கள் அல்ல. தமிழ் பேசுபவர்கள். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்த மூன்று சகோதரர்களில் பெரியண்ணன் வழி தாங்கள் என்று சொல்பவர்கள்.) சேர்வராயன் மலைக்கும் உருளைக்கிழங்குக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஊன்றிவிட்டுப் போனதிலிருந்து இது காப்பி மலை. பிறகு மிளகு, ஆரஞ்சு, பலா. பெரியவர் வீட்டுக்குப் பின்னால் சரிவில் நான்கு பாத்தி உருளை இருப்பது விற்க அல்ல, தின்ன. சித்திரையில் விதைக்கிழங்கை ஊன்றிவிட்டால் புதுக்கிழங்கு வரும்வரை வீட்டில் உருளை இருக்காது. அதனால் வாங்கிப் போனேன் என்று சொல்லிக்கொண்டேன். வேறு காரணமும் இருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

பையைப் பிரித்து ஒரு கிழங்கை எடுத்தார். கட்டைவிரலை எச்சில் தொட்டு அழுத்தித் தேய்த்தார். விரல் சிவந்தது. தேய்த்த இடத்தில் கிழங்கு வெளுத்தது. பிறகு நகத்தால் சுரண்டினார். தோல் அசையவில்லை.

“இது உள்ளார ஒட்டுன மண்ணு இல்லீங்க சார். மேலாக்கப் போட்ட மண்ணு” என்றார். குற்றம் சொல்லும் தொனி இல்லை. எனக்கு வருத்தம் வரக்கூடாது என்ற கவனம்தான் இருந்தது.

பாத்திக்குக் கூட்டிப் போனார். செடியைப் பிடுங்கவில்லை. அணைத்திருந்த மண்ணுக்குள் பக்கவாட்டில் கையை விட்டு, கண் தெரியாதவர் முகம் தடவுவதைப் போலத் தடவி, நாலைந்து கிழங்குகளை மட்டும் எடுத்துவிட்டு, மண்ணைத் திரும்ப அணைத்தார். செடிக்குத் தெரிந்திருக்குமா என்றுகூடச் சந்தேகம். கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரியவை. ஒன்றை என்னிடம் கொடுத்துத் தேய்க்கச் சொன்னார். விரல் பட்டதுமே தோல் சிகரெட் தாளைப் போல உரிந்து வந்தது. கையில் ஒட்டியது ஈர மண். தூசி இல்லை.

விஷயம் எளிமையானது. செடி பச்சையாக இருக்கும்போதே தோண்டினால் புதுக்கிழங்கு; தோல் அப்போது தோலாகியிருக்காது. மூட்டை கட்டி வெளியூர் அனுப்ப வேண்டுமானால் தழையை அறுத்துவிட்டுப் பத்துப் பதினைந்து நாள் கிழங்கை மண்ணுக்குள்ளேயே விட்டுவைக்க வேண்டும். தோல் முற்றும், பயணத்தையும் குவியலையும் தாங்கும். குளிர்கிடங்கில் மாதக்கணக்கில் கிடந்து வரும் கிழங்கு இதற்கும் அடுத்த கட்டம். குளிரில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறுவதால் அது லேசாகத் தித்திக்கும். அந்தத் தித்திப்பை ருசி என்று நினைத்து வளர்ந்தவன் நான். குளிர்கிடங்குக் கிழங்கின் மேல் செம்மண்ணைப் பிரட்டினால் ஊட்டி விலை கிடைக்கும் என்பது சந்தையில் எல்லோரும் அறிந்த ரகசியம். நீலகிரிக் கிழங்கும் குஜராத் கிழங்கும் கோலார் கிழங்கும் மேட்டுப்பாளையம் மண்டியில் 45 கிலோ மூட்டைகளாக அடுத்தடுத்து நிற்கின்றன. மண்டிக்காரருக்கு வித்தியாசம் தெரியும். தெரியாதது, என்னைப் போல, மண்ணைப் பார்த்து வாங்குகிறவனுக்குத்தான்.

அப்படியானால் அசல் ஊட்டிக் கிழங்கு என்பது என்ன? ஊருக்குத் திரும்பிய பிறகு இதைத் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க ‘அசல்’ என்ற சொல் கையை விட்டு நழுவியது. உருளை ஆண்டீஸ் மலையின் பயிர். நீலகிரியில் ஒரு காலத்தில் பரவலாக விளைந்த ரகத்தின் பெயர் ‘கிரேட் ஸ்காட்’, ஸ்காட்லாந்திலிருந்து வந்தது. பின்னால் வந்தவற்றுக்கெல்லாம் முன்பெயர் ‘குஃப்ரி’. அது சிம்லாவுக்குப் பக்கத்து ஊர். 1949இல் பாட்னாவில் தொடங்கி 1956இல் சிம்லாவுக்கு மாறிய மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடும் ரகங்களுக்கு அந்த ஊர்ப் பெயரைச் சூட்டுவது மரபு. குஃப்ரி நீலா 1963, குஃப்ரி நீலமணி 1968, அதே ஆண்டில் குஃப்ரி ஜோதி, 1971இல் குஃப்ரி முத்து. 1961இல் நீலகிரி மண்ணில் நூற்புழுவைக் கண்டுபிடித்தார்கள். வேரில் முட்டைக்கூடு கட்டி, மண்ணிலேயே வருஷக்கணக்கில் காத்திருக்கும் புழு. 1971இல் நீலகிரி விதைக்கிழங்கு மாவட்டத்துக்கு வெளியே போகத் தடை வந்தது. அந்தப் புழுவைத் தாங்குவதற்கென்றே வந்த ரகம் 1985இன் குஃப்ரி ஸ்வர்ணா. பிறகு 2018இல் இமாச்சலப் பிரதேசத்திலும் அதே புழு தெரிந்து, அங்கிருந்தும் விதை வெளியேறத் தடை விழுந்தது. மண்ணுக்கென்று ஒரு குணம் உண்டு என்று பேசுகிறோம். குணத்தோடு புழுவையும் சேர்த்துத்தான் மண் வைத்துக்கொண்டிருக்கிறது.

இங்கிலாந்துக்குத் தெற்கே ஜெர்ஸி என்றொரு தீவு. அதன் புதுக்கிழங்குக்கு ‘ஜெர்ஸி ராயல்’ என்று பெயர். சரிவு நிலங்களில், கடற்பாசியை உரமாகப் போட்டு விளைவிப்பது. 1996இல் ஐரோப்பாவின் புவிசார் பாதுகாப்பும் பெற்றது. ஏறக்குறைய 1880இல் டி லா ஹே என்ற விவசாயி, கடையில் காட்சிக்கு வைத்திருந்த, நிறையக் கண்கள் கொண்ட ஒரு ராட்சசக் கிழங்கை வாங்கி வந்து நட்டதில் பிறந்தது என்பார்கள். இதே ரகத்தைத் தீவுக்கு வெளியே விளைவித்தால் பெயர் ‘இண்டர்நேஷனல் கிட்னி’. உலகத்திலேயே பிடிவாதமான வட்டாரக் கிழங்கின் ஜாதகப் பெயர் இண்டர்நேஷனல். இதைப் படித்தபோது சிரித்தேன். அடுத்த நிமிஷம் சிரிப்பு நின்றது.

பெரியவரின் பேரன் சேலத்தில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது என்னிடம் கவிதைகளைக் கொண்டுவந்தான். நம் வட்டத்துப் பத்திரிகைகளில் நான் விமர்சனம் எழுதுவதை யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒரு பள்ளி நோட்டில் ஒன்பது கவிதைகள். மதிய உணவு நேரத்தில் படித்தேன். மலையிலிருந்து வரும் பையன் என்று எதிர்பார்த்தேன். நோட்டில் சாமை இல்லை, தேன் இல்லை, சேர்வராயன் கோயில் இல்லை, காப்பித் தோட்டக் கூலி இல்லை. பஸ் நிறுத்தத்தில் நிற்கும் ஒருவன், மழை, பரீட்சை, கைபேசியில் ஒரு பெண் எடுக்காத அழைப்பு. பஸ் நிறுத்தக் கவிதையின் ஓரத்தில் நான் பென்சிலால் எழுதியது நினைவிருக்கிறது: ‘பெக்கெட்டின் நிழல். கோடோவுக்காக நாம் ஏற்கெனவே காத்தாகிவிட்டது.’ அவன் பெக்கெட்டைக் கேள்விப்பட்டிருக்கவில்லை. நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது சொன்னேன், “இதையெல்லாம் யார் வேண்டுமானாலும் எழுதலாம் தம்பி. இதில் உங்கள் மலை எங்கே?”

மூன்று மாதம் கழித்து வந்தான். மலை இருந்தது. பறைச்சத்தம், தேனடை, முன்னோர் எலும்பு, அடிக்கு ஒரு வழக்குச் சொல், சிலவற்றுக்கு அடிக்குறிப்பு. நான் மகிழ்ந்துபோனேன். நான்கைத் தேர்ந்து ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன், வந்தன. ‘மண்வாசனை’ என்ற சொல்லைப் போட்டு நானே ஒரு பத்தி அறிமுகமும் எழுதினேன். அதன் பிறகு அவன் எழுதவில்லை. ஒரு நாள் வங்கி வாசலில் பார்த்துக் கேட்டபோது, “நீங்க கேட்டதை எழுதிட்டேன் சார்” என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, கடனை அடைத்தவன் ரசீதை நீட்டுவது மாதிரி சொன்னான். இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். நான் வெள்ளக்கடைக்குப் போனதன் வேறு காரணம் இது.

மண்வாசனை என்ற சொல்லை நாம் எவ்வளவு சுலபமாகப் புழங்குகிறோம். 1942இல் வந்த ‘நாகம்மா’ளைத் தமிழின் முதல் வட்டார நாவல் என்று பாடமாகச் சொல்கிறோம். பாத்திரங்கள் கொங்குப் பேச்சுப் பேசுவதை உதாரணம் காட்டுகிறோம். அந்த வட்டாரம் பேச்சில் மட்டுமா இருக்கிறது? நிலத்தில் தன் பங்கைக் கேட்டு நிற்கும் ஒரு விதவையின் பிடிவாதத்தில் அல்லவா இருக்கிறது? கி. ராஜநாராயணன் 1982இல் கரிசல் வழக்குக்கு அகராதியே போட்டார். அகராதியைக் கையில் வைத்துக்கொண்டு யார் எழுதினாலும் அவர் கதைகள் வந்துவிடாது. இவற்றை நான் அறியாதவன் அல்ல. மேடையில் சொல்லியும் இருக்கிறேன். ஆனால் ஒரு நோட்டைக் கையில் வாங்கும்போது என் கண் முதலில் தேடியது சிவப்பு நிறத்தை. கடைக்காரன் என்னை ஏமாற்றினான் என்று எப்படிச் சொல்வேன்? நான் என்ன கேட்டேனோ அதைத்தான் அவன் பூசினான். பையனும் அப்படியே.

மறுதரப்பையும் சொல்லிவிட வேண்டும். வெளியிலிருந்து எதுவும் வேண்டாம், தன் மண் போதும் என்பதும் பொய். உருளை கிழங்கிலிருந்தே கிழங்காகப் பெருகுவது. அசுவினி கொண்டுவரும் வைரஸ் விதைக்கிழங்கிலேயே தங்கி, வருஷத்துக்கு வருஷம் சேரும். பெரியவர் தன் பாத்தியிலிருந்தே விதை எடுத்து வைப்பவர். “முன்னெல்லாம் கைக்கு நாலு நிக்கும் சார். இப்ப சிறுத்துக்கிட்டே வருது” என்றார். என்ன ரகம் என்று கேட்டேன். “கிழங்குதான்” என்றார். எப்போதோ யாரோ எங்கிருந்தோ கொண்டுவந்தது. ஜோதியாக இருக்கலாம், முத்தாக இருக்கலாம். நல்ல விதை எங்கே கிடைக்கும் என்று என்னைத்தான் விசாரித்தார். விதை சிம்லாவிலிருந்து வந்தால் அவருக்கு ஆட்சேபம் இல்லை. ஆட்சேபம் மேலாக்கப் போட்ட மண்ணுக்குத்தான்.

அன்று உப்புப் போட்டு அவித்த கிழங்கைத் தோலோடு தின்றோம். தித்திக்கவில்லை. என்ன ருசி என்று சொல்ல முயன்று இரண்டு வரி எழுதி அடித்துவிட்டேன். நான் கொண்டுபோனதை மறுநாள் குழம்புக்கு வைத்துக்கொள்வதாக அந்த அம்மாள் சொன்னார். பேரனைப் பற்றி நானாகப் பேச்செடுத்தேன். “எழுதறதெல்லாம் வுட்டுட்டான் சார். நேரமில்லைங்கறான்” என்றார் பெரியவர். அதில் என் பங்கு என்ன என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. சாயங்கால பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன்.

“இன்னும் நேரம் இருக்குங்க. சத்தம் வரட்டும்” என்றார்.

நிறுத்தத்தில் நின்றோம். எனக்குக் காற்றின் ஓசைதான் கேட்டது. பெரியவர் தலையைச் சாய்த்து, “கீழ் வளைவுல ஏறுது” என்றார். கொஞ்சம் கழித்து, “அடுத்தது.” கண்ணுக்குத் தெரியாத பஸ்ஸை கியர் மாறும் சத்தத்தை வைத்து வளைவு வளைவாக எண்ணிக்கொண்டிருந்தார். பையனின் பஸ் நிறுத்தக் கவிதை முழுக்க இதுதான். நிற்கிறவன் எண்ணிக்கொண்டிருக்கிறான், மூன்று, நான்கு, பிறகு சத்தமில்லை. அந்த எண்கள் என்ன என்று நான் கேட்கவே இல்லை. அருவமான குறியீடு என்று எடுத்துக்கொண்டு பெக்கெட்டை எழுதினேன். அந்த மலை முழுவதும் அந்த எண்களில் இருந்தது. நகத்தால் ஒருமுறை சுரண்டியிருந்தால் உரிந்து வந்திருக்கும்.

பெரியவர் பையில் போட்டுக் கொடுத்த கிழங்குகளை இரண்டு நாள் கழித்துத்தான் என் அறையில் எடுத்தேன். அதற்குள் தோல் சுருங்கி, விரலுக்கு உரிய மறுத்தது. புதுக்கிழங்கு எங்கும் கொண்டுபோகக் கூடியது அல்ல. அது இருக்கும் இடத்துக்கு நாம்தான் போக வேண்டும். பையனுக்குக் கடிதம் எழுதி, அந்த ஒன்பது கவிதைகளையும் கேட்டிருக்கிறேன். என் பென்சில் குறிப்பைத் தயவுசெய்து அழித்துவிடும்படியும். நோட்டு இன்னும் இருக்கிறதா என்று தெரியாது. பதில் வரவில்லை.