அரிசி சொன்ன இரண்டு தீர்ப்புகள்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளைச் சேவித்து, பால்கோவாப் பொட்டலத்தையும் பையில் போட்டுக்கொண்ட பிறகு, நேரே ராஜபாளையத்துக்கு பஸ் ஏறிவிடாதீர்கள். மேற்கே மலையைப் பார்த்துச் சற்று விலகினால் மம்சாபுரம் வரும். மேற்குத் தொடர்ச்சி மலை அங்கே பக்கத்து வீட்டுக்காரரைப் போல நெருங்கி நிற்கிறது. கண்மாய், வயல், தென்னை, மாந்தோப்பு என்று கண்ணுக்குக் குளிர்ச்சியான ஊர்.

வயற்காட்டில் நின்றுகொண்டு பொருளாதாரமா பேசுவது என்கிறீர்களா? இந்தச் சீமையில் பேசத்தான் வேண்டும். சோற்றுக்கு சர்க்காரை நம்புவதா, சந்தையை நம்புவதா என்ற பெரிய வழக்கில் இந்த வட்டாரத்துப் பெரியவர்கள் இருவர் அடிபட்டிருக்கிறார்கள்.

முதலாமவர் ராஜபாளையம் பூ. ச. குமாரசாமி ராஜா. 1949 முதல் 1952 வரை சென்னை ராஜ்யத்தின் முதன் மந்திரி. யுத்த காலத்தில் வந்த ரேஷனும் கட்டாயக் கொள்முதலும் அவர் தலையில் விடிந்தன. விவசாயி வீட்டுச் செலவுக்கும் விதைக்கும் வைத்துக்கொண்டு, மிச்ச நெல்லை சர்க்கார் விலைக்கு அளந்துவிட வேண்டும். பர்மிட் இல்லாமல் மூட்டை ஜில்லா தாண்டக் கூடாது. விளைவு என்ன? நெல் பத்தாயத்தில் பதுங்கியது. கள்ள மார்க்கெட்டில் தலை நீட்டியது. 1952 தேர்தலில் 375 இடங்களில் காங்கிரஸுக்குக் கிடைத்தவை 152. முதன் மந்திரியும் தோற்றார்.

அடுத்து வந்த ராஜாஜி, அந்த ஜூன் மாதமே ரேஷனையும் கொள்முதலையும் எடுத்துவிட்டார். விலை வானத்துக்கு ஏறும் என்று பலர் நடுங்கினார்கள். ஆனால் பதுங்கிய நெல் கடைக்கு வந்தது.

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. மம்சாபுரம் கண்மாயில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, எந்த வயல் சாவியாகப் போயிற்று என்பது அந்த ஊர் விவசாயிக்குத் தெரியும். சென்னைக் கோட்டையில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். உண்மையைச் சொன்னால் நெல் போய்விடும் என்றால் யார் உண்மை சொல்வார்கள்? விலை ஏறி இறங்குவதே ஊர் ஊராகச் சேதி சொல்லும் தபால்காரன். அவனைக் கட்டிப் போட்டால் திட்டம் குருடாகும் என்று வியன்னாவில் மீஸஸ் என்ற அறிஞர் 1920-லேயே வாதாடினார்.

அப்படியானால் கட்டை அவிழ்த்துவிட்டால் போதுமா? ரஷ்யாவைப் பாருங்கள். சோவியத் கலைந்ததும், 1992 ஜனவரியில் பெரும்பாலான விலைகளை ஒரே நாளில் அவிழ்த்துவிட்டார்கள். அந்த ஒரு வருஷத்துக்குள் விலைகள் இருபது மடங்குக்கு மேல் ஏறி, ஜனங்களின் சேமிப்பு கரைந்தது. நம் பக்கத்தில் வயலும் ஆலையும் மண்டிக் கடையும் தனியார் கையிலேயே இருந்தன. சந்தை தூங்கிக்கொண்டுதான் இருந்தது, தட்டியதும் எழுந்தது. அங்கே எழுபது வருஷமாக எல்லாம் சர்க்காருடையவை. எழுப்புவதற்கு மண்டிக்காரரே இல்லை!

இனி இரண்டாவது தீர்ப்பு. 1960-களின் நடுவில் மழை பொய்த்தது. கப்பலில் அமெரிக்கக் கோதுமை வந்து இறங்கியது. அரிசி கிடைக்கவில்லை, கிடைத்த அரிசியை வாங்கக் காசில்லை. 1967 தேர்தலில் ஆட்சி கவிழ்ந்தது. காமராஜரே சொந்த ஊரான விருதுநகரில் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். மொழிக் கிளர்ச்சியும் ஒரு காரணம்தான். ஆனால் அரிசிப் பானையின் கோபம் சிறியதல்ல.

சந்தைக்கு ஒரு குறை உண்டு: காசின் குரல்தான் அதன் காதில் விழும். களத்து மேட்டில் கூலிக்கு நிற்கும் பெண்ணின் பசி, மடியில் பணம் இல்லாத வரை, அதற்குக் கேட்காது. அந்தக் குரலுக்காகத்தான் 1972-ல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் பிறந்தது. 1997-ல் மத்திய சர்க்கார் மலிவு அரிசியை ஏழைகளுக்கென்று பிரித்தபோதும், தமிழ்நாடு எல்லாருக்கும் பொதுவாகவே ரேஷன் கடையைத் திறந்து வைத்தது. 2011 ஜூன் முதல் அரிசி இலவசம்.

ஆக, ஐயா, அம்மா, முதல் தீர்ப்பு சர்க்காருக்குச் சொன்னது: விளைவிக்கிறவன் கையைக் கட்டாதே. இரண்டாவது தீர்ப்பு சந்தைக்குச் சொன்னது: வாங்க முடியாதவனை மறக்காதே. ஒன்றைக் கேட்டு மற்றொன்றை மறந்தவர்கள் பதவி இழந்தார்கள். பாவம், ஜனங்கள் சோறு இழந்தார்கள்.

மம்சாபுரத்திலிருந்து ராஜபாளையம் போனால் காந்தி கலை மன்றத்தை அவசியம் பாருங்கள். குமாரசாமி ராஜா தம் சொந்த வீட்டையே ஊருக்குக் கொடுத்த இடம் அது. எவ்வளவு நல்ல மனிதராயிருந்தாலும் அரிசிக் கணக்குத் தப்பினால் ஜனங்கள் விடுவதில்லை என்பதை அந்த வாசலில் நின்று நினைத்துக்கொள்ளலாம்.