39 தட்டுகள், ஒரு விருந்து மேசை

நியூயார்க்கில் புரூக்ளின் அருங்காட்சியகத்தைக் கண்டுபிடிப்பதில் சிரமமே இல்லை. ஈஸ்டர்ன் பார்க்வே நிலையத்தில் சுரங்க ரயிலை விட்டு இறங்கிப் படியேறினால் எதிரிலேயே நிற்கிறது. அனுமதிக் கட்டணம் பெரியவர்களுக்கு 20 டாலர் என்று எழுதியிருந்தார்கள். கட்டாயமில்லை, முடிந்ததைத் தரலாம் என்றும் இருந்தது.

லிஃப்டில் நான்காவது மாடிக்குப் போனேன். கலைஞர் ஜூடி சிகாகோ, நூற்றுக்கணக்கானவர்களின் உதவியோடு 1974 முதல் 1979 வரை உருவாக்கிய ‘டின்னர் பார்ட்டி’ என்ற கலைப்படைப்பு அங்கேதான் இருக்கிறது. ஆபாசம் என்று ஒரு கட்சி, பெண்ணுடலின் கொண்டாட்டம் என்று இன்னொரு கட்சி. கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது; நேரில் பார்த்துவிடலாம் என்றுதான் வந்தேன்.

அறை இருட்டு, வெளிச்சமெல்லாம் மேசை மேல். முக்கோண மேசை, ஒரு பக்கம் 48 அடி. பக்கத்துக்கு 13 என்று 39 பெண்களுக்கு இடம். ஒவ்வொருவருக்கும் தட்டு, கோப்பை, கத்தி, முள்கரண்டி, அடியில் எம்ப்ராய்டரி விரிப்பு. சாப்பாடுதான் இல்லை. தரையில் வெள்ளை ஓடுகளில் இன்னும் 999 பெயர்கள் பொன்னெழுத்தில்.

தொடக்கத்தில் ஆதிதேவிகள். நாலாவது இடத்தில் நம் காளி! தட்டுகளின் விட்டம் 14 அங்குலம். எட்ட நின்றால் பூ, வண்ணத்துப்பூச்சி. நெருங்கினால் பெண்குறி என்பதில் சந்தேகமே வராது. என் பக்கத்தில் ஒருவர் சிரித்துக்கொண்டே நகர்ந்தார். ஒரு பாட்டியோ கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு விரிப்பின் தையலையே ஆராய்ந்துகொண்டிருந்தார்.

முதல் பக்கத்தில் தட்டையாக இருந்தவை, போகப் போக மேலெழும்புகின்றன. கவிஞர் எமிலி டிக்கின்சனின் தட்டு முழுக்க இளஞ்சிவப்பு லேஸ், அடுக்கடுக்காக. லேஸைப் பீங்கான் குழம்பில் தோய்த்துச் சூளையில் சுட்டால் நூல் எரிந்துபோகும், பின்னல் மட்டும் பீங்கானாக நிற்கும். பீங்கானில் வண்ணம் தீட்டுவதை வீட்டுப் பெண்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவைத்த காலம் உண்டு. அந்தக் கைவேலையை வைத்தே இத்தனையும் சொல்லியிருக்கிறார் சிகாகோ.

கடைசியில் ஓவியர் ஜார்ஜியா ஓ’கீஃப். அவர் தட்டு நன்றாகவே எழும்பி நிற்கிறது. ஆனால் வந்த வழியில் ஏதோ ஒன்று உறுத்தியிருந்தது. எமிலியையும் தாண்டி மூன்று இடம் பின்னால் நடந்தேன். சோஜர்னர் ட்ரூத். அடிமையாகப் பிறந்து, அடிமை முறையை எதிர்த்துப் பேசியவர். மேசையிலுள்ள ஒரே கறுப்பின அமெரிக்கப் பெண். அவர் தட்டில் பெண்குறி வடிவமே இல்லை, மூன்று முகங்கள். ஒன்றில் கண்ணீர்.

இசையமைப்பாளர் எதெல் ஸ்மைத்துக்கும் பியானோதான் வைத்திருக்கிறார்கள், அதை அவர் தொழில் என்று விட்டுவிடலாம். ட்ரூத்தின் தட்டை எப்படி விடுவது? எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர் 1979-லேயே இதைக் கேட்டுவிட்டார்.

1990-ல் தலைநகர் வாஷிங்டனில் உள்ள பல்கலைக்கழகம் ஒன்றுக்கு இந்த மேசையை இனாமாகத் தர சிகாகோ முன்வந்தபோது, அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஆபாசம் என்று கூச்சல் போட்டார்கள், கொடையே நின்றுபோனது. அவர்கள் வெட்கப்பட்ட தட்டுகளில் எனக்கு வெட்கம் எதுவும் தெரியவில்லை. உடலை மறைத்த தட்டில்தான் தெரிந்தது.