புடாபெஸ்ட்டில் ஒரு மேளச்சமா

விஜய் ஐயரும் கிரெய்க் டேபோர்னும் 2018 மார்ச்சில் புடாபெஸ்ட் லிஸ்ட் இசைக்கழக மண்டபத்தில் இரண்டு பியானோக்களில் வாசித்ததை, ஈசிஎம் நிறுவனம் அடுத்த ஆண்டு 'த ட்ரான்சிட்டரி போயம்ஸ்' என்ற பெயரில் வெளியிட்டது. ரொறொன்ரோவுக்கு வந்துதான் ஜாஸ் கேட்கப் பழகினேன். அந்நிய இசை என்ற எண்ணமே வராமல் மனதுக்குள் இறங்கிய முதல் இசைத்தட்டு இது.

தமிழ்ப் பெற்றோருக்கு 1971இல் அமெரிக்காவில் பிறந்தவர் விஜய். பியானோவைப் பெரும்பாலும் தானாகவே பழகியவர். அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனாலும் என்னைக் கட்டிப்போட்டது இருவரும் வாசிக்கும் விதம். பெரும்பகுதி மேடையிலேயே பிறந்த இசை. ஒருவர் தாளக்கட்டைப் பிடித்திருக்க மற்றவர் அதன்மேல் ஏறிப்போவார். கொஞ்ச நேரத்தில் எது யாருடைய விரல் என்றே தெரியாது.

இப்படி வாசிப்பதை யாழ்ப்பாணத்துப் புங்குடுதீவுக்காரரான நாங்கள் எப்போதோ கேட்டிருக்கிறோம். ஆனித் திருவிழாவுக்குக் குறிகட்டுவானில் படகேறி நயினாதீவு நாகபூசணி அம்மனிடம் போவோம். இரவுத் திருவிழாவில் மேளச்சமா தொடங்கும். இரண்டு நாயனம், இரண்டு தவில். ஒரு தவில்காரர் கேள்வி கேட்பதுபோல் ஒரு தீர்மானம் வைப்பார். மற்றவர் அதையே வேறு நடையில் திருப்பிக் கொடுப்பார். சனம் மணலில் இருந்தபடி விரல் மடித்துத் தாளம் எண்ணும். கணக்குச் சரியாக வந்து விழும்போது எழும் ஆரவாரம் எந்த மண்டபத்துக் கைதட்டலுக்கும் குறைந்ததல்ல.

புடாபெஸ்ட் கச்சேரி மூத்தோருக்கான காணிக்கையும்கூட. பியானோக் கலைஞர்கள் ஜெரி அலன், முஹால் ரிச்சர்ட் ஏப்ரம்ஸ், ஓவியர் ஜாக் விட்டன் ஆகியோர் அதற்கு முந்திய ஓராண்டுக்குள் மறைந்திருந்தார்கள். பியானோக் கலைஞர் செசில் டெய்லர் கச்சேரிக்கு அடுத்த மாதம் போனார். கடைசி உருப்படி ஜெரி அலனின் ஆக்கத்தில்தான் போய் முடிகிறது. அந்த ஓரிரவு வணக்கம் பதிவானதால் எனக்கும் கிடைத்தது.

எங்கள் மூத்தோர்? 1975இல் மறைந்த தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்திக்கே எஞ்சியிருப்பவை சொற்ப ஒலிப்பதிவுகள். தீவுக் கோயில்களில் விடியும்வரை வாசித்த மற்றவர்களின் கதி என்ன? 1990களின் தொடக்கத்தில் போரால் சனம் இடம்பெயர்ந்தபோது வீடுகளோடு அவர்களின் வாசிப்பைப் பதிந்த கசெற்றுகளும் போயின.

அதற்கு முன்பே வெளிநாடு வந்தவர்களின் பெட்டிகளில் சில இன்னும் கிடக்கும். தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். எண்ணிமப்படுத்தி, ஈழத்து ஆவணங்களைச் சேர்த்துக் காக்கும் நூலகம் நிறுவனத்துக்குக் கொடுங்கள். வாசித்தவர் பெயர், கோயில், ஆண்டு தெரிந்தால் அவற்றையும் எழுதிக் கொடுங்கள்.