அத்தாவின் பதிவுப் புத்தகம்

எங்கள் அத்தா, தாம்பரத்தை அடுத்த பெருங்களத்தூரில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் பணியாற்றியவர்கள். 1961 முதல் அந்நிறுவனம் ஹெரால்டு கார்களை உருவாக்கியது. அவற்றுள் ஒன்றைப் பழையதாக வாங்கி, பிள்ளையைப் போல் பேணினார்கள். அத்தா மவுத்தான பின், சிறுசேரியில் எங்கள் வீட்டுக் கொட்டகையில் அது நிற்கிறது. அத்தாவின் பெயருக்குக் கீழே என் பெயர் எழுதிய பதிவுப் புத்தகம் அலமாரியில் இருக்கிறது.

2019இல் இங்கிலாந்திலிருந்து தம்பி அழைத்தான். 1968ஆம் ஆண்டின் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் பந்தய பாணிக் கார் ஒன்று அங்கே விலைக்கு வந்திருந்தது. ஹெரால்டும் அதுவும் ஒரே குடும்பம். ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கித்தான் அதைச் செய்தார்கள். அத்தாவின் நினைவாக ஊருக்குக் கொண்டுவர ஆசைப்பட்டான்.

சட்டம் இடம் தரவில்லை. பயன்படுத்திய கார் மூன்றாண்டுக்கு மேற்பட்டதாய் இருத்தலாகாது. பழமைச் சின்னமாக வருவதாயின் 1950க்கு முற்பட்டதாய் இருக்க வேண்டும். இடையில் பிறந்த கார்களுக்கு வழியில்லை.

தரகர் ஒருவர் வழி சொன்னாராம்: “பகுதி பகுதியாகக் கழற்றி உதிரிப்பாகம் என்று கொண்டு வருவோம். இங்கே பூட்டி, உங்கள் ஹெரால்டின் எண்ணைப் பொறித்துவிடலாம்.”

“அண்ணே, அந்தப் புத்தகம் மட்டும் போதும்” என்றான் தம்பி.

அன்றிரவு எனக்கு உறக்கமில்லை. அந்தக் காரில் புகையின் நச்சைக் குறைக்கும் வினையூக்கிக் கருவி இல்லை. சென்னையில் புதிய கார்களுக்கு அது 1995இலேயே கட்டாயமாயிற்று. காற்றுப்பை இல்லை. திருப்பத்தில் வேகமாக வளைத்தால் பின்சக்கரம் மடங்கிப் பிடி தளரும். ஹெரால்டுக்கும் அக்குணம் உண்டு. “வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறை” என்று அத்தா எங்களை எச்சரிப்பார்கள். பொய் எண்ணோடு ஓடும் அக்கார் ஓர் ஏழையை மோதினால், காப்பீடு செல்லாது என்று வாதம் எழுமே! அல்லாஹ்வுக்குச் செய்த குற்றத்தை அவன் மன்னிக்கக்கூடும். அடியானின் உரிமையை அந்த அடியானன்றோ மன்னிக்க வேண்டும்?

மறுநாள் மறுத்துவிட்டேன். தம்பி பல மாதங்கள் பேசவில்லை. ஒரு பெருநாளைக்குக்கூட ஸலாம் வரவில்லை. அம்மா இருவருக்கும் நடுவே அழுதார்கள்.

2021 ஜூலையில் மத்திய அரசு ஐம்பது ஆண்டு கடந்த கார்களுக்குத் தனிப் பதிவு முறை வகுத்தது. எண்ணில் ‘வி.ஏ.’ என்னும் அடையாளம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். வாடகைக்கு விடலாகாது, அன்றாடம் ஓட்டலாகாது. கண்காட்சி, பழைய கார் அணிவகுப்பு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்றவற்றுக்கே சாலையில் வரலாம். பழமைக்கு மதிப்பும் பாதசாரிக்குப் பாதுகாப்பும் ஒருங்கே தரும் ஏற்பாடு இது. 2025இல் இறக்குமதிக்கும் ஐம்பது ஆண்டே எல்லையாயிற்று.

அவ்வாண்டு தம்பியே அழைத்தான். “அண்ணே, வாசல் திறந்துவிட்டது. ஆனால் விலை, கப்பல் கூலி, காப்பீடு மூன்றையும் கூட்டி, அதன்மேல் சுங்கவரி கட்ட வேண்டும். என் கையில் அவ்வளவு இல்லை. சேர்க்கிறேன்.” சற்று நிறுத்தி, “புத்தகம் பத்திரமாக இருக்கிறதா?” என்றான்.

“இருக்கிறது தம்பி” என்றேன். வேறு பேச எனக்கு நா எழவில்லை.

அடுத்த விடுமுறையில் வந்தவன், கொட்டகையில் ஹெரால்டின் தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அம்மா தேநீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். அல்ஹம்துலில்லாஹ்.