கொல்லிப் பண்

மகன் போய்ப் பதினோராம் மாதம் ஓதுவார் ஐயாவிடம் தேவாரம் படிக்கச் சேர்ந்தேன். பதினெட்டு வயதுப் பிள்ளை. காய்ச்சல் என்று படுத்தவன் ஐந்தாம் நாள் இல்லை. அன்றிலிருந்து பூஜை அலமாரியை நான் திறக்கவில்லை. சாமியோடு பேச்சில்லை, பாட்டாவது மிஞ்சட்டும் என்றுதான் போனேன்.

ஐயா எடுத்த முதல் பாடம், அப்பர் திருவதிகையில் பாடிய முதல் பதிகம். கொல்லிப் பண், கச்சேரியில் நவரோஜ் என்பார்கள். எனக்குக் குரல் தானாக மேலே ஏறியது. ஐயா உள்ளங்கையைத் தாழ்த்திக் காட்டினார்.

"இது மேல் ஸட்ஜத்துக்குப் போற பண் இல்லம்மா. மந்திர பஞ்சமத்துக்கு இறங்கணும். கீழேயே நின்னு சுத்தி வரணும்."

இறங்கினால் வெறும் காற்றுதான் வந்தது. அடிவயிற்றிலிருந்து எடுக்கச் சொன்னார். எடுத்தேன், அழுகை வந்தது. தாளத்தை மடியில் வைத்துவிட்டுக் காத்திருந்தார். பிறகு அதே அடியை மறுபடி தொடங்கினார். முதல் பாட்டுக்கே மூன்று வாரம்.

ஒன்பதாம் பாட்டு வந்தபோது நான் வாய் திறக்கவில்லை. சூலை நோய் குடலை முறுக்குகிறது. உம் அடியார் படும் பாடு இதுதான் என்றால் என்னைப் போன்றவர்கள் இனி உம்மை நம்ப மாட்டார்கள் என்று முகத்துக்கு நேரே சொல்கிறார் அப்பர்.

"இதைச் சந்நிதியில பாடலாமா ஐயா?"

"திருமுறை விண்ணப்பம்னுதானேம்மா சொல்றோம். முறையிடறதும் விண்ணப்பந்தான்."

அன்றிரவு அப்பரின் அக்கா திலகவதியாரையே நினைத்துக்கொண்டிருந்தேன். தந்தை போனார், தாய் போனார், மணம் பேசியிருந்த கலிப்பகையாரும் போரில் மாண்டார். உயிரை விடத் துணிந்தவர் தம்பிக்காகத் தங்கினார் என்கிறது பெரியபுராணம். திருவதிகைக் கோயிலை அலகிட்டு மெழுகினார். அவர் கொடுத்த திருநீற்றை அணிந்துதான் தம்பி இந்தப் பதிகம் பாடினார். அந்த அம்மா பாடியதாக நமக்கு ஒரு பாட்டும் இல்லை. கூட்டும்போது சாமியிடம் என்ன கேட்டிருப்பார்!

திருவதிகை வீரட்டானேசுவரர் சந்நிதியில் பத்துப் பாட்டும் விண்ணப்பித்தேன். ஒன்பதாவதில் குரல் பிசிறியது. ஆனாலும் இறங்க வேண்டிய இடத்துக்கு இறங்கியது. திருச்சிற்றம்பலம் சொல்லி முடித்தபோது ஐயா தாளத்தைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தேன். விபூதிச் சம்புடத்தில் அவன் மூன்று விரலால் அள்ளிய தடம் அப்படியே இருந்தது. அதைக் கலைக்காமல், ஓரத்தில் எடுத்துப் பூசிக்கொண்டேன்.